கறுப்பிக்கு ஆபரேஷன்

எங்கள் தெருக் கறுப்பி வருஷம் இரண்டு தரம் குட்டி போடுவாள். லாரியில் அடிபட்டது போக ஒன்றோ இரண்டோ மிஞ்சும். "கார்ப்பரேஷன்காரா பிடிச்சுண்டு போனாத்தான் விமோசனம்" என்பார் எதிர்வீட்டு மாமி. பேரனைக் கடித்துவிடுமோ என்று பயம். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

சென்னையில் வருஷக்கணக்காகப் பிடித்துக் கொன்றும் பார்த்தார்களே! காலியான தெருவுக்கு வேறு நாய்கள் வந்துவிட்டன. 1959-ல் விமானி கேப்டன் சுந்தரமும் மனைவி உஷாவும் தொடங்கிய புளூ கிராஸ், "கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடுங்கள்" என்று 1964 முதல் சொல்லி வந்தது. மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996-ல்! 32 வருஷம் விடாமல் கேட்டார்கள். நாமாக இருந்தால் இரண்டாம் மனுவோடு ஓய்ந்திருப்போம்.

கறுப்பிக்கும் ஆபரேஷன் ஆயிற்று. காதில் சின்ன வெட்டு அடையாளத்தோடு திரும்பினாள். என்ன கோபமோ, இரண்டு நாள் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை.

ஆனாலும் எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும் அசட்டையாக இருக்காதீர்கள். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் அப்ப வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பித்து, சொன்ன தேதிகளில் தவறாமல் போடுங்கள். மாமி இதை அடுப்பங்கரைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.