மலையின் வடிவமும் வெள்ளத்தின் வேகமும்

சொந்த ஊரில் வெள்ளம் எந்த வரம்புவரை வரும் என்பதைப் பாட்டன், பூட்டன் சொல்ல எமது மக்கள் அறிந்திருந்தனர். இடம்பெயர்ந்து புதிய காணியில் குடியேறும்போது அந்த அறிவு கூடவே வருவதில்லை. அங்கே நிலத்தின் அமைப்பைப் பார்த்தே நாம் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.

மழைநீர் வடிந்து ஓர் ஆற்றைச் சேரும் நிலப்பரப்பு முழுவதையும் நீரேந்து பிரதேசம் என்பர். ஒரே அளவு மழை பெய்தாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவு வெள்ளம் ஏற்படுவதில்லை. நீரேந்து பிரதேசம் விசிறிபோல் அகன்றிருந்தால், நாலா பக்கத்து ஓடைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடிவாரத்தில் கூடும். வெள்ளம் திடீரென உயரும். அது நீண்டு ஒடுங்கியிருந்தால், கிட்டிய ஓடையின் நீர் கடந்து சென்ற பின்னரே எட்டவுள்ள ஓடையின் நீர் வந்து சேரும். வெள்ளம் மெல்ல உயர்ந்து மெல்ல வடியும்.

நிலத்தின் சரிவும் முக்கியமானது. இதற்குக் களு கங்கை நல்ல உதாரணம். சிவனொளிபாதமலைப் பகுதியில் 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் தோன்றும் இந்த ஆறு, 40 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் இரத்தினபுரிக்கு இறங்கிவிடுகிறது. அங்கே ஆற்றின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 மீற்றர் மாத்திரமே. வே கங்கையும் அவ்விடத்திலேயே வந்து கலக்கிறது. அதன்பின் களுத்துறைக் கடல்வரை சரிவு மிகக் குறைவு. விரைந்து வந்த நீர் விரைந்து வெளியேற வழியில்லை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி நீரில் மூழ்கியதற்குக் கடும் மழையுடன் இந்த அமைப்பும் காரணமாயிற்று.

ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். அந்தச் சக்தியே மண்ணை அரிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் அழிக்கப்பட்டபோது, வேரும் சருகும் மறித்து வைத்த நீர் தடையின்றி ஓடத் தொடங்கியது. அள்ளுண்ட மண் ஆற்றின் அடியில் படிந்தால் ஆறு ஆழம் குறைந்து கரையை மீறும். 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் மண்ணரிப்பையும் வெள்ளச் சேதத்தையும் சேர்த்தே நோக்குவது இதனாலேயாகும்.

மலையில்லாத இடத்திலும் இந்தப் பாடம் பொருந்தும். மன்னாரில் வானம் வெளித்திருக்கையிலும், அநுராதபுரப் பக்கம் பெய்த மழை அருவியாற்றின் வழியே வந்து வயல்களை மூடலாம்.

ஆகவே கொட்டில் போடுமுன் ஆற்றோரம் நடந்து பாருங்கள். மரக்கிளைகளில் சருகும் குச்சியும் சிக்கியுள்ள உயரமே பழைய வெள்ளத்தின் அடையாளம். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தைத் தவிருங்கள். ஓடைக்கரை மரங்களை வெட்டாதீர்கள். சரிவான காணியில் மேலிருந்து கீழாக உழாமல் குறுக்காக உழுங்கள். கல் வரம்பு கட்டுங்கள். நடைபாதையையும் சரிவின் வழியே நேராக வெட்டவேண்டாம். அடுத்த மாரியில் அதுவே வாய்க்காலாகிவிடும்.

இவற்றை ஒரு குடும்பம் மாத்திரம் செய்து பயனில்லை. மேட்டுக் காணிக்காரர் காக்கும் மண்ணே பள்ளத்துக் காணிக்காரரின் வயலைக் காக்கிறது. மாரிக்கு முன்னரே ஊராகக் கூடி இதைப் பேசிக்கொள்வோம்.