வெற்றி ஆட்டத்தைக் கெடுத்ததா?

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி 1995 முதல் 2025 வரை 12 முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. ஒரே அணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டால் ஆட்டம் சலிக்காதா என்பது பழைய குறை. ஆனால் 1985இல் ஜீனோ ஆரியம்மா பயிற்சியாளராக வந்தபோது கனெக்டிகட் பேர் தெரியாத அணிதான். அதுவரை ஒரே ஒரு பருவத்தில்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்து, பெண்கள் விளையாட்டுக்கும் வழிதிறந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது. கனெக்டிகட் அதைப் பயன்படுத்திக்கொண்ட விதம்தான் வேறு.

சலிப்பு என்பவர்கள் மிசிசிப்பி ஸ்டேட் அணியைப் பார்க்கட்டும். 2016இல் கனெக்டிகட்டிடம் 60 புள்ளி வித்தியாசத்தில் (சாதாரண அடியா அது!) தோற்ற அந்த அணி, மறு ஆண்டே கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் வென்று, கனெக்டிகட்டின் 111 தொடர் வெற்றிகளுக்கு முடிவு கட்டியது. அடுத்த பட்டத்துக்குக் கனெக்டிகட் 2025 வரை காத்திருந்தது. இடையில் தென் கரோலினா மட்டுமே மூன்று முறை வென்றது.