கம்பிச் சடக்கும் நம் வீடும்

கம்போங் மேடானுக்குச் சற்றுத் தொலைவில், கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில் பாதை செல்கிறது. நம் பெரியவர்கள் அதைக் கம்பிச் சடக்கு என்பார்கள். அந்தப் பாதைக்கும் நம் குடும்பங்களுக்கும் உள்ள உறவு என்ன? அதை இன்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் கோலாலம்பூர் ஈயத்தை மாட்டுவண்டியில் டமன்சாரா வரை கொண்டுசென்று, அங்கிருந்து ஆற்று வழியாகக் கிள்ளானுக்கு அனுப்பினார்கள். 1886இல் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. 1890இல் பாலம் கட்டியதும் அது கிள்ளான் நகரை எட்டியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுவே.

ஈயத்துக்காகப் போட்ட பாதை பயிர்த்தொழிலுக்கும் வழிவிட்டது. முதலில் காப்பி பயிரிட்டார்கள்; அதன் விலை விழுந்தபின் ரப்பர் வந்தது. விளைபொருளைத் துறைமுகத்துக்கு எளிதில் அனுப்ப முடிந்ததால் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டக் கங்காணிகள் தமிழகத்தில் ஆள் திரட்டினார்கள். தண்டவாளம் போட்டவர்களிலும் நம்மவர் ஏராளம். யாழ்ப்பாணத்தார் பலர் ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணிபுரிந்தனர். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குடியிருப்புகளால் தமிழர் வாழும் பகுதியாயிற்று.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குவார்ட்டர்ஸ் வீடு ரயில்வேக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, இந்த உண்மை நம்மைச் சுட்டது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எனினும் எல்லாரும் அதில் சேர்ந்துவிடவில்லை.

பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் ஆலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, நகரோரத்தில் பட்டா இல்லாத நிலத்தில் பலகை வீடு கட்டின. அவ்வாறு மக்கள் வந்து நிறைந்த இடங்களுள் கம்போங் மேடானும் ஒன்று.

1995 முதல் அந்தப் பழைய பாதையில் மின்ரயில் ஓடுகிறது. பாதை போட உழைத்தோம், மரம் வெட்டி உழைத்தோம். காலடி மண்ணுக்குப் பத்திரம் கேட்க மறந்தோம். இனி ஒரு சிறு வீடானாலும் நம் பெயரில் பத்திரம் இருக்கட்டும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்குக் கல்வி இருக்கட்டும்.