மீன் தொட்டித் தண்ணீர்: கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவோம்

இஸ்தோப்பில் கண்ணாடித் தொட்டி வைத்து கப்பி மீன் வளர்க்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் உண்டு. பிள்ளைகளின் ஆசைக்குத் தொடங்கி, குஞ்சு பெருகியதும் டவுன் கடைக்குக் கொடுத்து நாலு காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில், தீபாவளிக்கு வெள்ளையடித்த கையோடு, எட்டு மாதமாக மாற்றாத தொட்டித் தண்ணீரில் முக்கால்வாசியை இறைத்துவிட்டு பீலித் தண்ணியை ஊற்றினார்கள். மறுநாள் காலையில் விற்க வைத்திருந்த மீனெல்லாம் மிதந்தன. "நல்ல தண்ணிதானே ஊத்தினோம்!" என்று அந்த அக்கா அழாக்குறையாகக் கேட்டார்.

நல்ல தண்ணிதான். ஆனால் மீன்கள் அதுவரை வாழ்ந்தது வேறு தண்ணீரில்!

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சுதான்; நைத்திரேற்று அந்தளவு கெடுதல் இல்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். இந்த வேலை நடக்கும்போது அமிலமும் உண்டாகிறது. தண்ணீரில் உள்ள காபனேற்று உப்புகள் அந்த அமிலத்தை அடக்கி, தாமும் தீர்ந்துபோகும். மலைநாட்டு ஊற்றுத் தண்ணீரில் இந்த உப்பு பொதுவாகக் குறைவு. அது தீர்ந்ததும் தண்ணீர் புளிக்கத் தொடங்கும். பற்றீரியாவும் சோர்ந்துவிடும், அமோனியா தேங்கும். தண்ணீர் அமிலமாக இருக்கும்வரை அந்த அமோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். புதுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் அமிலம் குறைந்து நஞ்சு கிளம்பும். கூடவே உப்பும் குளிரும் ஒரே நேரத்தில் மாறினால் மீன் எப்படித் தாங்கும்?

"தண்ணி தெளிவாத்தானே இருக்கு, ஏன் மாத்தணும்?" என்பார்கள். இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வற்றியதற்கு மேல் ஊற்றுவதும் போதாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, கழிவு தொட்டியிலேயே தங்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். கிழமைக்கு ஒரு கரண்டி அழுக்கு சேருவதாக வைத்துக்கொள்வோம். மாற்றாவிட்டால் ஒரு வருடத்தில் 52 கரண்டி. கிழமைதோறும் கால்வாசித் தண்ணீரை மாற்றினால், எத்தனை வருடமானாலும் 4 கரண்டிக்கு மேல் போகாது. தீர்ந்த காபனேற்றும் புதுத் தண்ணீரோடு கொஞ்சம் வந்து சேரும்.

ஊற்றும் தண்ணீரை வாளியில் பிடித்து, முதல் நாளே வீட்டுக்குள் வையுங்கள். குளிர் தணியும், குளோரின் போட்டிருந்தால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். கழுவிய சிப்பி ஓடு இரண்டு மூன்று தொட்டியில் கிடந்தால், மெல்லக் கரைந்து அமிலத்தை அடக்கும். பஞ்சை பீலியில் தேய்க்காமல், இறைத்தெடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், பற்றீரியா தப்பும்.

பல மாதம் மாற்றாத தொட்டியா? பயந்து முழுவதையும் கொட்டாதீர்கள். தீனியைக் குறைத்து, நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக இரண்டு கிழமை மாற்றி வாருங்கள். பிறகு கிழமைக்குக் கால்வாசி.

இறைத்த தண்ணீரைக் கானில் ஊற்ற வேண்டாம். அதிலிருக்கும் நைத்திரேற்று பயிருக்கு உரம். கோவாப் பாத்திக்கு ஊற்றலாம்.