பஸ்சில் தினமும் பார்த்தால் காதலா? ஆலங்காயம் இளசுகளும் பெற்றோரும் தெரிந்து கொள்ள வேண்டிய மனசு கணக்கு

ஆலங்காயம்:

காலை 8 மணி. ஆலங்காயம் பஸ் நிலையத்தில் வாணியம்பாடி பஸ்சுக்கு கூட்டம் முண்டியடிக்கிறது. பிளஸ்-2 பிள்ளைகள், காலேஜ் மாணவ-மாணவிகள், ஷூ கம்பெனிக்கு போகும் பெண்கள், ஒர்க்‌ஷாப் பையன்கள் என்று எல்லாருக்கும் அதே பஸ்தான். அதே படிக்கட்டு, அதே ஜன்னலோர சீட்டு. பத்து நாள் கண்ணில் பட்ட முகம் பதினோராவது நாள் இல்லை என்றால் மனசு தேடுகிறது. 'காதல் வந்து விட்டது' என்று அவர்களே முடிவு கட்டி விடுகிறார்கள்.

அதன் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒரே கதைதான். வீட்டுக்கு தெரிந்ததும் செல்போன் பறிமுதல், படிப்புக்கு முழுக்கு, அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடல். அதற்கு பயந்து இருவரும் ஓட்டம். போலீசில் புகார். கடைசியில் பையன் ஜெயிலில், பொண்ணு காப்பகத்தில்.

இத்தனைக்கும் ஆரம்பம் அந்த ஈர்ப்புதான். அது எப்படி வருகிறது என்று மனநல ஆய்வாளர்கள் பல வருஷமாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள்.

பார்க்க பார்க்க பிடிக்கும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1992-ல் வெளியானது. ஏறக்குறைய ஒரே மாதிரி தோற்றம் உள்ள 4 பெண்கள். ஒருவர் 15 நாள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். இன்னொருவர் 10 நாள், மற்றொருவர் 5 நாள். நான்காவது பெண் வரவே இல்லை. வந்தவர்களும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் 4 பேரின் போட்டோவையும் மாணவர்களிடம் காட்டினார்கள். அதிக நாள் வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகமாக பிடித்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நடப்பதும் இதுதான். பழகிய முகம் என்றால் மனசுக்கு ஒரு நெருக்கம். ஆனால் முகம் பழகுவது வேறு, ஆளை தெரிந்து கொள்வது வேறு.

இதிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. முதலிலேயே பிடிக்காதவரை திரும்ப திரும்ப பார்த்தால் வெறுப்புதான் கூடும். 'பின்னாலேயே சுத்தினா ஒரு நாள் மசிஞ்சிடுவா' என்பது சினிமா கணக்கு. இஷ்டமில்லை என்று சொன்ன பெண்ணை பின்தொடர்வது சட்டப்படி குற்றம். ஜெயில் தண்டனை உண்டு.

படபடப்புக்கு காரணம் யார்?

ஆலங்காயத்தில் இருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பஸ்சில் போனவர்களுக்கு தெரியும். வளைவில் பஸ் திரும்பும்போது நெஞ்சு 'திக் திக்' என்று அடிக்கும். அந்த நேரம் பக்கத்தில் மனசுக்கு பிடித்த ஒருவர் இருந்தால்? படபடப்பு பள்ளத்தை பார்த்து வந்ததா, ஆளை பார்த்து வந்ததா என்று மனசு குழம்பி விடும்.

1974-ல் வெளியான கனடா நாட்டு ஆய்வு இதைத்தான் சொல்கிறது. 230 அடி உயரத்தில் ஆடும் தொங்கு பாலத்தில் வாலிபர்களை ஒரு பெண் பேட்டி கண்டு தன் போன் நம்பரை கொடுத்தார். வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு போன் செய்தனர். ஆடாத, உயரம் குறைந்த பாலத்தில் நம்பர் வாங்கிய 16 பேரில் 2 பேர்தான் போன் செய்தனர். பயத்தில் வந்த படபடப்பை ஈர்ப்பு என்று மனசு எடுத்துக் கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வீட்டுக்கு தெரியாமல் சந்திக்கும்போது வரும் படபடப்பிலும் பாதி பயமாக இருக்கலாம்.

ஒன்றரை வருஷ வேகம்

புதிதாக காதலில் விழுந்த 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்த அமெரிக்க ஆய்வு 2005-ல் வெளியானது. காதலிப்பவரின் போட்டோவை பார்த்ததும் 'டோபமைன்' சுரக்கும் பகுதி விழித்துக் கொண்டது. பசி, தாகம் போல 'வேண்டும், வேண்டும்' என்று தூண்டுகிற பகுதி அது. சோறு தண்ணி மறந்து போவது இதனால்தான்.

1999-ல் இத்தாலியில் காதல் வயப்பட்ட 20 பேரின் ரத்தத்தை பரிசோதித்தனர். ஒரே எண்ணம் திரும்ப திரும்ப வந்து வாட்டும் மனநோயாளிகளிடம் காணப்படும் அதே மாற்றம் இவர்களிடமும் இருந்தது. அவர்களில் 6 பேரை ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் கழித்து சோதித்தபோது ரத்தம் பழைய நிலைக்கு வந்திருந்தது. அந்த வேகம் அடங்கிய பிறகும் ஒருவர் மேல் ஒருவருக்கு மதிப்பும் அக்கறையும் இருந்தால், அதுதான் நிலைக்கிற காதல்.

பின்விளைவை யோசித்து 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் மூளையின் முன்பகுதி 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. 16 வயதில் ஆக்சிலேட்டர் ரெடி, பிரேக் இன்னும் ரெடி ஆகவில்லை. ஈர்ப்பு வருவது தப்பில்லை. அந்த வேகத்தில் வாழ்க்கை முடிவை எடுப்பதுதான் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு கீழே எல்லாரும் குழந்தைகள். 'பொண்ணும் விரும்பித்தான் வந்தாள்' என்ற வாதம் எடுபடாது. பாலியல் வன்கொடுமை குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்சம் 10 ஆண்டு ஜெயில். பெண்ணுக்கு 16 வயது ஆகவில்லை என்றால் 20 ஆண்டு.

2021 ஜனவரியில் இப்படி ஒரு வாலிபர் மீதான வழக்கை சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. வளரிளம் பருவத்தினரின் காதலை தண்டிக்க இந்த சட்டம் கொண்டு வரப்படவில்லை என்றும் கருத்து சொன்னது. ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடியும் என்று நம்ப முடியாது. கோர்ட்டு முடிவு வருவதற்குள் படிப்பும் வேலையும் போய் விடும்.

பெற்றோருக்கும் சட்டம் உண்டு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகாமல் கல்யாணம் செய்து வைத்தால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம். 18 வயது ஆகாத மனைவியுடன் உறவு கொள்வதும் குற்றம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதாவது பெற்றோர் பார்த்து வைத்த மாப்பிள்ளை மீதும் போக்சோ பாயும்.

அதே நேரம் திருமண வயது வந்த இருவர் விரும்பி கல்யாணம் செய்தால், குடும்பமோ சாதி பஞ்சாயத்தோ தடுக்க முடியாது என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக கூறி விட்டது.

அடிக்காதீங்க, பேசுங்க

விஷயம் தெரிந்ததும் அடி, உதை, வீட்டுச் சிறை என்று இறங்கினால் பிள்ளைகளுக்கு ஓடுவது ஒன்றுதான் வழி என்று தோன்றி விடும். 'யாரு அந்த பையன், என்ன படிக்கிறான்?' என்று அம்மா சாதாரணமாக கேட்டாலே பாதி பயம் போய் விடும். 'இப்ப படிப்பை முடி, வேலைக்கு போ. அப்பவும் இதே எண்ணம் இருந்தா உட்கார்ந்து பேசலாம்' என்று சொல்லிப் பாருங்கள். ஓடிப் போகும் அவசரம் குறையும், பொண்ணின் படிப்பும் நிற்காது. வெறும் ஈர்ப்பாக இருந்தால் நாளடைவில் தானாக கரைந்து விடும். நிஜக் காதலாக இருந்தால் இரண்டு வருஷம் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்து போகாது.

படிப்பை நிறுத்தி கட்டாய கல்யாணம் என்றால் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்கு பிள்ளைகளே போன் செய்யலாம். பெண்களுக்கு 181. காதல் தோல்வி, மனசு பாரம், தற்கொலை எண்ணம் என்றால் 14416, 104 ஆகிய எண்களில் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். கட்டணம் இல்லை.