திருவிழாவுக்குப் போனா எதைப் பாக்கணும்? வீரபாண்டியில இருந்து மெக்சிகோ வரைக்கும்

ஐடியில இருக்கற நம்ம நண்பர்கள் நிறைய பேரோட பயண லிஸ்ட்ல இப்போ மெக்சிகோ இருக்கு. நவம்பர் 1, 2 தேதிகள்ல அங்க நடக்கற 'இறந்தவர்கள் தினம்' பாக்கணும்னு ஆசை. நல்ல ஆசைதான். ஆனா ஒரு ஊர் திருவிழாவை எப்படிப் பாக்கறதுன்னு பழகிக்க, அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் கெங்குவார்பட்டிக்காரன். எங்க தேனி மாவட்டத்துலயே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் இருக்கு. அதை வச்சே இன்னைக்குப் பேசலாம்.

என் கணக்குல கேக்க வேண்டிய கேள்வி மூணு.

முதல் கேள்வி: ஏன் இந்த நேரத்துல?

வீரபாண்டி திருவிழா சித்திரை கடைசியில, மே மாசத்துல வரும். செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சு அடுத்த செவ்வாய் வரைக்கும் 8 நாள். கம்பம் பள்ளத்தாக்குல ரெண்டு போகம் நெல்லு. முதல் போகத்துக்கு ஜூன்ல தண்ணி திறக்கறது வழக்கம். அப்போ மே மாசம்ங்கறது ரெண்டாம் போக அறுப்பு முடிஞ்சு, அடுத்த நாத்துக்கு முன்னாடி கிடைக்கற இடைவெளி. வயலுக்கும் லீவு, ஆளுக்கும் லீவு.

இன்னொரு காரணம் வெயில். அம்மை, கண்நோய் எல்லாம் வெயில் காலத்துல வர்றதுன்னுதான் நம்ம ஊர்ல அனுபவம். பார்வை போன பாண்டிய மன்னன் இங்க வந்து வேண்டி, பார்வை திரும்பக் கிடைச்சதுன்னு தல வரலாறு சொல்லுது. ஆயிரங்கண் பானைன்னு, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட மண்பானையை நேர்ந்துக்கிட்டு எடுத்துட்டு வர்றவங்களை அங்க பாக்கலாம். பெரியம்மை இந்தியாவுல ஒழிஞ்சது 1975-ல. அதுக்கு முந்தின தலைமுறைக்கு அந்தப் பானை வெறும் சடங்கு இல்ல, உயிர் பிழைச்ச கணக்கு.

ரெண்டாவது கேள்வி: இது யாருக்காக நடக்குது?

திருவிழாவுக்கு ஏறக்குறைய மூணு வாரம் முன்னாடியே கோயில்ல அத்திமரக் கம்பம் நட்டுருவாங்க. முல்லையாத்துல தண்ணி மொண்டு வந்து அந்தக் கம்பத்துக்கு ஊத்தறதுதான் அத்தனை நாளும் நடக்கற வேண்டுதல். ராட்டினமும் கடைகளும் களைகட்டறதுக்கு முன்னாடியே உண்மையான திருவிழா ஆரம்பிச்சிருது. வீடியோல வர்றது கடைசி 8 நாள் மட்டும்தான்.

அந்தத் தண்ணிக்கும் ஒரு கதை இருக்கு. மேற்கு நோக்கி ஓடற பெரியாத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, கிழக்க நம்ம பக்கம் திருப்பினாங்க. முல்லைப் பெரியாறு அணை 1895-ல பயன்பாட்டுக்கு வந்துச்சு. கோடையில குடிக்கறதுக்கு மட்டும் அளவா திறந்துவிடற அந்தத் தண்ணியிலதான் கம்பம் நனையுது. தண்ணியோட அருமை தெரிஞ்ச ஊர், தண்ணியையே காணிக்கையா குடுக்குது.

மெக்சிகோவுல இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. மெக்சிகோ சிட்டியில நடக்குற பிரம்மாண்ட ஊர்வலம் 2016-லதான் முதல்முறையா நடந்துச்சு. 2015-ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஸ்பெக்டர்'ல அப்படி ஒரு காட்சி வந்ததுதான் தூண்டுதல். படத்தைப் பாத்து திருவிழா! அதைப் பாக்கறது தப்பில்ல. ஆனா வீட்டுல படையல் போட்டு, கல்லறையில ராத்திரி முழுக்க உக்காந்திருக்கற குடும்பங்களோட விழா வேற. அது மக்காச்சோள விவசாயம் ஒரு சுத்து முடியற நேரத்துல வருது. நம்ம நெல்லு மாதிரியேதான். வழியெல்லாம் தூவற செண்டுமல்லிக்கும் மெக்சிகோதான் பூர்வீகம். அதே பூவை நிலக்கோட்டை மார்க்கெட்ல நாம சாமிக்கு வாங்கறோம்.

மூணாவது கேள்வி: மறுநாள் காலையில என்ன நடக்கும்?

சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, திருவிழா ஃப்ரன்ட் எண்ட். பேக் எண்ட் தினசரி வாழ்க்கை. தீச்சட்டி எடுத்த அதே அக்கா, திருவிழா முடிஞ்சதும் விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட ஜீப்புல நெருக்கி உக்காந்து மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்களா இருக்கலாம். கம்பம், போடி, கூடலூர் பக்கம் அது தினமும் நடக்கற பயணம். திருவிழாவுக்காக விட்ட ஒவ்வொரு நாளும் அவங்களுக்குப் போன கூலி. அது தெரிஞ்சா, அந்தச் சட்டியோட கனம் வேற மாதிரி புரியும்.

அதனால ஒரு கூடுதல் நாள் தங்குங்க. டீக்கடையில உக்காருங்க. உழவர் சந்தைக்குப் போங்க. டவுன் பஸ்ல ஏறுங்க. விரதம் இருந்து தீச்சட்டியோட வர்றவங்களை செல்ஃபிக்கு நிறுத்தாதீங்க, வழி விடுங்க. யாரையும் படம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. கூட்டத்துல ஒரு பாட்டி கூழோ மோரோ குடுத்தா மறுக்காம வாங்கிக் குடிங்க. விருந்தாளியா உங்களுக்கு இருக்கற கடமை அவ்வளவுதான்.

பெங்களூருலயும் சென்னையிலயும் இருந்து வருஷத்துக்கு ஒருதடவை வர்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் இது பொருந்தும். கம்பம் நட்ட நாள்ல இருந்து ஊர் தண்ணி ஊத்திட்டு இருக்கு. நாம தேரோட்டத்துக்கு மட்டும் வந்து, போட்டோ எடுத்துட்டு, ராத்திரி பஸ் பிடிச்சா, சொந்த ஊர்லயும் நாம டூரிஸ்ட்தான். ரெண்டு நாள் முன்னாடி வாங்க. ஒரு குடம் தண்ணி எடுத்து ஊத்துங்க.

உங்க ஊர் திருவிழா எந்த மாசம், ஏன் அந்த மாசம்? வீட்டுல பெரியவங்களைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.