மலையில் சிந்திய பாதரசம் கீழே வருமா?

சித்தையன்கோட்டையில் மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் நம் வாய்க்காலுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் இங்கே சிலருக்கு உண்டு.

தண்ணீர் வழியாக வராது. ஆலை இருந்த மேட்டிலிருந்து பாம்பார் சோலைச் சரிவு தெற்கே இறங்கி, கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் போகிறது. நமக்கு வருவது கீழ்மலைத் தண்ணீர். ஆத்தூர் காமராஜர் அணையும் குடகனாறும் அதில்தான் பிழைக்கின்றன.

ஆனால் பாதரசம் தண்ணீரை மட்டும் நம்பிப் பயணம் செய்வதில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் கொடைக்கானல் ஏரி மீனிலும், மரத்தில் ஒட்டிய பாசியிலும் பாதரசத்தைக் கண்டது. அதைக் காற்று சுமந்து போயிருக்கிறது என்பதற்கு அந்தப் பாசியே சாட்சி.

ஆலை 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர்கள் குவியலாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் தன்னார்வ அமைப்புகளும் அம்பலப்படுத்த, ஆலையை நடத்திய இந்துஸ்தான் லீவர் அதை மூடியது.

அதன்பிறகு முன்னாள் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு, நச்சியலின் பெரிய சிக்கலைக் காட்டுகிறது. மூச்சில் போகும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் கலக்கும். உடலுக்குள் போனதில் பாதி ஏறத்தாழ 2 மாதங்களில் வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் அது செய்த சேதமோ அதோடு சேர்ந்து வெளியேறாது. வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்து ரத்தம் எடுத்தால் அறிக்கை சுத்தமாகத்தான் வரும். அடுப்பை அணைத்துப் பாத்திரம் கழுவிய பிறகு வந்து, இங்கே புகையே இல்லை என்று எழுதுவதைப் போன்றது அது. உயர்நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களை ஆலையோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை மாறாகச் சொன்னது. 2016-இல்தான் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

போபாலிலும் ஆய்வுக்கு நேரம்தான் பகை. 1984 டிசம்பர் நச்சுவாயுவுக்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய ஆய்வுகள் 1994-இல் நிறுத்தப்பட்டன. தனி ஆய்வு நிறுவனம் வந்தது 2010-இல். இடையில் எத்தனை பேருடைய நோய் வரலாறு பதிவாகாமல் போனதோ!

நமக்கு நெருக்கமான கணக்கு திண்டுக்கல் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். அவற்றின் கழிவு குடகனாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்தது ஆய்வுகளில் பதிவான விஷயம். அங்கே புழங்கும் குரோமியம் ரத்தத்தில் கலந்தால், அதில் பெரும்பகுதி சிறுநீரில் சீக்கிரமே இறங்கிவிடும். ஆகவே பரிசோதனை என்றால் வாரக் கடைசி ஷிஃப்ட் முடிந்த கையோடு, ஆள் வேலையில் இருக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும்.